ராணுவத்தின் கிராஜுவேஷன் சர்டிஃபிகேட்டை வைத்து ஆன்லைன் எம்.பி.ஏ. சேரலாமா? வெளியே வந்ததும் அது வேலைக்கு உதவுமா?

தம்பி, கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பேசுகிறேன். ராணுவத்தில் நாயக் ரேங்கில் இருப்பவர், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர், இன்னும் மூன்றரை வருட சர்வீஸ் பாக்கி. 15 வருடம் முடிந்ததும் கிராஜுவேஷன் சர்டிஃபிகேட் வந்துவிடும், அதைக் காட்டி மாதத் தவணையில் ஆன்லைன் எம்.பி.ஏ. சேர்ந்துவிடலாம் என்று யாரோ போனில் பேசி உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

அதில் சேராதீர்கள். முதலில் பி.காம். அல்லது பி.பி.ஏ. முடியுங்கள், அதையும் யூனிஃபார்மில் இருக்கும்போதே முடியுங்கள். எம்.பி.ஏ.வை வெளியே ஒரு வேலையில் உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் ராணுவத்துக்கு ரேஷனும் சரக்கும் கொண்டு சேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் சப்ளை பக்கம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். சர்வீஸிலேயே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.காம். முடித்தேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்காணல் மேசையில் நானும் இருப்பேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

அந்த சர்டிஃபிகேட் விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், நம் ஆட்கள் அதிகம் குழம்புவது இதில்தான். அதற்கு அடிப்படை, மத்திய அரசு 1986-ல் போட்ட உத்தரவு ஒன்று. மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்பு தேறி, 15 வருடத்துக்குக் குறையாமல் படையில் இருந்த முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு கேட்கும், கிளார்க் போன்ற குரூப் சி பணிகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான பணிகளுக்கு இது பொருந்தாது. வங்கி கிளார்க் தேர்வு அறிவிப்புகளிலும் இதே போன்ற சலுகையைப் பார்க்கலாம். மிக நல்ல சலுகை, எத்தனையோ பேரின் குடும்பம் இதனால் நிமிர்ந்திருக்கிறது. வங்கியோ மத்திய அரசோதான் உங்கள் குறி என்றால் இதை விட்டுவிடாதீர்கள். வயதுத் தளர்வும் உண்டு, சர்வீஸ் வருடங்களோடு இன்னும் 3 வருடத்தை உங்கள் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது வேலைக்குத் தரும் விலக்கு மட்டுமே, பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. எம்.பி.ஏ.வில் சேர குறைந்தது மூன்று வருட இளநிலைப் பட்டம் வேண்டும். தனியார் கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்படித்தான். படிவத்தில் பட்டம், பல்கலைக்கழகம், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று கட்டங்கள் இருக்கும். பல்கலைக்கழகம் என்ற கட்டத்தில் நீங்கள் எதைப் போடுவீர்கள்? அந்த இடத்திலேயே உங்கள் விண்ணப்பம் நின்றுவிடும். பதினைந்து வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எவரும் படித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, பட்டம் எங்கே படிப்பது? ஆன்லைன் என்றும் தொலைநிலை என்றும் இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள்தான் அடிப்படை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இந்த வழிகளில் வாங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தும் விட்டது. அதனால் மதிப்பைப் பற்றிய பயம் வேண்டாம். உங்கள் போஸ்டிங்குக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பாருங்கள்.

எல்லையை விட்டு உள்ளே, பீஸ் ஸ்டேஷனில் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறீர்கள், வீட்டில் லேப்டாப்பும் நல்ல இணையமும் இருக்கிறது என்றால் ஆன்லைன் சரிப்படும். எல்லைப் பக்கம் ஃபீல்டில் இருப்பவருக்கு அது ஒத்துவராது. பல போஸ்ட்டுகளில் சிக்னலே கிடையாது. கிடைக்கும் இடத்திலும் போனுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2020-ல் 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவமே உத்தரவு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சொந்த லேப்டாப்பை யூனிட்டுக்குள் கொண்டுபோக அனுமதி வேண்டும். கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டிய தேர்வின் நடுவில் இணையம் போனால் அந்தத் தாள் போனதுதான். அந்த மாதிரி இடத்தில் அச்சுப் புத்தகத்தைப் போல உதவுவது எதுவும் இல்லை. இக்னோவில் சேரும்போது அச்சுப் புத்தகம் வேண்டும் என்று தேர்வு செய்யுங்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து ஒரு பாடம் படித்தாலும் போதும். தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை, லீவை அதற்கு ஏற்றபடி கேட்டு வாங்கலாம். இளநிலைப் பட்டத்தை முடிக்க 6 வருடம் வரை அவகாசம் உண்டு, நடுவில் யூனிட் நகர்ந்தாலும் படிப்பு அறுந்துபோகாது. இன்னொன்று, இக்னோவுக்கு ராணுவத்துக்கென்றே தனி மண்டல மையங்கள் இருக்கின்றன. உங்கள் யூனிட்டில் கல்வியைக் கவனிக்கும் இளநிலை அதிகாரியான எஜுகேஷன் ஜே.சி.ஓ.விடம் கேட்டால் எந்த மையத்தின் கீழ் வருகிறீர்கள் என்று சொல்லிவிடுவார்.

தமிழ்வழியில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பவர்களுக்குச் சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பத்தாம் வகுப்போடு பட்டாளத்துக்கு வந்தவர்களும் இருப்பீர்கள், அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேராக வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 2009-ல் வந்த அரசாணை 107 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலம் பன்னிரண்டாம் வகுப்பை முடியுங்கள், பட்டம் அதற்கு மேல்.

தனியார் பல்கலை எதில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் இணையதளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடத்துக்கு, நீங்கள் சேரும் அதே பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அனுமதி அப்படித்தான் கொடுக்கப்படுகிறது. 2024 முதல் மாணவரே டி.இ.பி. ஐடி என்று ஒன்றை உருவாக்கிய பிறகுதான் சேர முடியும். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பணத்தை மட்டும் போடுங்கள்’ என்று எவராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறு ஆள் கடை போட்டுப் படிப்பு நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

இணையத்தில் தேடினால் படைவீரர்களுக்கான பிசினஸ் டிகிரி என்று வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே 2009-லிருந்து நடக்கும் ஜி.ஐ. பில் திட்டத்தில் 36 மாதம் வரை படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. அந்தப் பணத்தைக் குறிவைத்தே லாபத்துக்கு நடத்தும் கல்லூரிகள் படைவீரர்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்தன. அவற்றில் பெரிய ஒன்றான ஐ.டி.டி. டெக் 2016 செப்டம்பரில் எல்லா வளாகங்களையும் ஒரேயடியாக மூடியது, படித்துக்கொண்டிருந்த படைவீரர்கள் நடுவழியில் நின்றார்கள். நம் ஊரில் அந்த மாதிரி அரசுப் பணம் கிடையாது, பட்டத்துக்கு நாம்தான் கைக்காசு போட வேண்டும். ஆனால் நம்மைத் தேடி வருகிற ஆட்கள் அதே ரகம்தான். ஓய்வு பெறும்போது கையில் மொத்தமாகப் பணம் வரும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பட்டம் வேலைக்கு உதவுமா?

உதவும். கதவைத் திறந்துவிடுவதோடு இன்னொரு வகையிலும் உதவும், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. நாம் பல வருடம் செய்த வேலைக்கு வெளியுலகில் என்ன பெயர் என்று அந்தப் பாடங்கள் சொல்லிக் கொடுக்கும். சமீபத்தில் ஒரு முன்னாள் ஹவில்தார் எங்களிடம் நேர்காணலுக்கு வந்தார். பயோடேட்டாவில் ‘ரேஷன் டியூட்டி, லடாக்’ என்று ஒரே ஒரு வரி. என்னோடு இருந்த ஹெச்.ஆர். பெண் அதைப் பார்த்துவிட்டு, சமையல் வேலையா சார் என்று என்னிடம் கேட்டார். நான் வந்தவரிடம் பனிக்கால ஸ்டாக்கிங் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன், அப்புறம் அவர் பேசியதை எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். லடாக்குக்குப் போகும் சோஜிலா கணவாய் பனியில் மூடுவதற்கு முன் பல மாதத்துக்கான மாவு, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மேலே ஏறியாக வேண்டும். ஆள் எண்ணிக்கையை ஒரு ஆளுக்கான தினசரி அளவான ஸ்கேலால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, அதற்கு மேல் ரிசர்வ் வைத்து, வழியில் வீணாவதற்கும் இடம் விட்டு, இண்டென்ட் என்ற தேவைப் பட்டியலைப் போட வேண்டும். எந்த வண்டியில் எதை முதலில் ஏற்றுவது, பழைய சரக்கை எப்படி முன்னால் தள்ளுவது, கணக்கு தப்பினால் நடுப்பனியில் என்ன செய்வது என்று எல்லாம் வரிசையாகச் சொன்னார்.

எங்கள் துறையில் தேவையை முன்கூட்டிக் கணிப்பதற்கு டிமாண்ட் ஃபோர்காஸ்டிங், ரிசர்வாக வைப்பதற்கு சேஃப்டி ஸ்டாக், சரக்கு வந்து சேரப் பிடிக்கும் காலத்துக்கு லீட் டைம் என்று பெயர். எம்.பி.ஏ. முடித்து வரும் பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததை இந்த மனிதர் பனியில் நின்று செய்திருக்கிறார். அந்த நாலு வார்த்தை தெரியாததால் அவர் இதுவரை போன இடமெல்லாம் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1986-லிருந்து தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் எத்தனையோ பேர் அதில் கௌரவமாக வாழ்கிறார்கள். ஆனால் இப்படிக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரைக் கேட்டில் மட்டும் நிறுத்திவைப்பது அவருக்கும் நஷ்டம், கம்பெனிக்கும் நஷ்டம்.

அதனால் பாடத்தைத் தேர்வு செய்யும்போது உங்கள் டிரேடிலிருந்து தொடங்குங்கள். ஸ்டோர், சப்ளை, வண்டிப் பிரிவான எம்.டி. பக்கம் இருந்தவர் பி.காம். அல்லது பி.பி.ஏ. எடுத்து லாஜிஸ்டிக்ஸ், சரக்கு மேலாண்மைப் பக்கம் போகலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பெல்ட்டில் இதற்கு வேலை இருக்கிறது. கிளார்க்காக இருந்தவருக்குக் கணக்கியலும் ஹெச்.ஆர். பக்கமும் பொருந்தும். மெஸ், கெஸ்ட் ஹவுஸ், எஸ்டேட் பார்த்தவர் ஆஸ்பத்திரி, கல்லூரி, ஐ.டி. கம்பெனிகளின் அட்மின் வேலைக்குப் போகலாம். தெரிந்த வேலையின் மேல் பட்டத்தைக் கட்டினால் 38 வயதில் புது ஆளாக நிற்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகளையும் கேட்டுவையுங்கள். கடைசி இரண்டு வருட சர்வீஸில் போகலாம், ஜே.சி.ஓ.வுக்கும் ஜவான்களுக்கும் முழுக் கட்டணமும் அரசுடையது. பட்டத்துக்கு மேல் அப்படி ஒரு சான்றிதழும் இருந்தால் நேர்காணலில் பேச நிறைய இருக்கும். சொந்தத் தொழில்தான் ஆசை என்றால் பட்டத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரருக்கு 1 கோடி ரூபாய் வரையான வங்கிக் கடனுக்கு 30 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உங்கள் யூனிட்டில் நான்கு வருடத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட அக்னிவீர் தம்பிகள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். 2022 கடைசியில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் தொகுதிக்கு 2026 கடைசியில் நான்கு வருடம் முடிகிறது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர வைப்பார்கள். மற்றவர்களுக்குக் கையில் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. 15 வருடக் கணக்கில் கிடைக்கும் அந்த சர்டிஃபிகேட்டும் கிடையாது. அவர்களுக்காகவே இக்னோவில் மூன்று வருடப் பட்டம் ஒன்று வந்திருக்கிறது. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் புள்ளிகளில் பாதியை ராணுவப் பயிற்சிக்கே கொடுத்துவிடுகிறார்கள், மீதிப் பாதியைப் படித்தால் போதும். இதில் சேராமல் எந்த அக்னிவீரும் வெளியே வரக்கூடாது என்பது என் ஆசை.

எம்.பி.ஏ.வை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், சிவில் வேலை அனுபவம் இல்லாத எம்.பி.ஏ.வைக் கம்பெனிகள் புதிதாகப் படித்து வந்தவர்களின் வரிசையில்தான் வைக்கும். அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு வயது 23. அதே நீங்கள் ஒரு வருடம் வேர்ஹவுஸிலோ அட்மினிலோ இருந்துவிட்டால், எந்தச் சிறப்புப் பாடம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பதவி உயர்வுக்கும் அது கை கொடுக்கும். இக்னோ எம்.பி.ஏ. மொத்தமும் சுமார் 60 ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். விளம்பரங்களில் வருபவை பல, ஒன்றரை இரண்டு லட்சம் கேட்கின்றன. பென்ஷன் வந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் காலத்தில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பட்டம் கையில் கிடைத்ததும் உடனே அதை உங்கள் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டரை யூனிட்டில் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் சிவில் கல்வித் தகுதி ஏறினால்தான் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அது வரும். வெளியே வந்த பிறகு அதற்காக ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது பெரிய அலைச்சல்.

இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு முறை சேர்க்கை நடக்கும். உங்களுக்கு மூன்றரை வருடம் இருக்கிறது, பட்டத்துக்கு மூன்று வருடம் வேண்டும். அடுத்து வரும் சேர்க்கையைத் தவறவிட்டால் கடைசி வருடத் தேர்வை வெளியே வந்துதான் எழுத வேண்டியிருக்கும். பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ்களை இந்த லீவிலேயே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.