பல்பை மாற்றினார்கள், காரணத்தைப் பார்க்கவில்லை: கராஜ் கேட்கும் மீதிப் பணம்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். 1996 மாடல் ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்றை ஒரு தனியாளிடம் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து ஹெட்லைட்டும் டெயில்லைட்டும் அடுத்தடுத்துப் போய்விட்டன. ஒரு கராஜில் விட்டேன். "லைட் பிரச்சினையை முழுதாகச் சரிசெய்ய வரியோடு 450 டொலர்" என்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பணத்தைக் கட்டி எடுத்து வந்தேன். இரண்டே மாலைகள்தான் ஓடியது, மறுபடி எல்லாப் பல்பும் அணைந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், என்னிடம் கேட்காமலே பல்புகளோடு ஹெட்லைட் கூட்டையும் மாற்றிவிட்டு இன்னொரு 340 டொலர் கேட்கிறார்கள். கொடுத்தால்தான் வண்டியாம், பழைய வண்டிக்கு உத்தரவாதமும் கிடையாதாம். சட்டப்படி 90 நாள் உத்தரவாதம் உண்டு என்கிறார் என் நண்பர். எது சரி? விற்றவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை நம்பிக் கடிதம் எழுதினால் கராஜ்காரர் ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார். 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002இல் இருப்பது உண்மைதான். ஆனால் அது மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக்கு மட்டும். மோட்டார் வாகனம் எது என்பதற்கு அந்தச் சட்டம் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விளக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த விளக்கமோ ஸ்னோமொபைலைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. அதனால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

சரி, வேறு கதவு இல்லையா? இருக்கிறது, அதுவும் அதே சட்டத்தில். 9ஆம் பிரிவின்படி, நுகர்வோருக்குச் செய்யும் எந்தச் சேவையும் நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். "பழைய வண்டி, உத்தரவாதம் இல்லை" என்று பில்லில் அச்சடித்துக் கையெழுத்தே வாங்கியிருந்தாலும் இந்தக் கடமை போகாது, அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. வண்டியின் வயது இங்கே கேள்வி இல்லை. அந்த வயதுள்ள வண்டியில் ஒரு நல்ல மெக்கானிக் எதைப் பார்த்திருப்பாரோ, அதை இவர்கள் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

உங்கள் வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஸ்னோமொபைல்கள் பலவற்றில் விளக்குக்கு பேட்டரியே கிடையாது. எஞ்சின் சுழலும்போது அதோடு இருக்கும் கம்பிச்சுருள் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் வேகம் கூடக் கூட வோல்டேஜும் ஏறும். அதை 14 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர் என்ற சின்னப் பெட்டி. பல வண்டிகளில் அதற்கு எர்த் கிடைப்பதே அதை வண்டி உடம்போடு பிடித்திருக்கும் போல்ட் வழியாகத்தான். அந்தப் போல்ட்டுக்கு அடியில் துருப் பிடித்தால் போதும், ரெகுலேட்டர் நல்லதாக இருந்தாலும் வேலை செய்யாது. வோல்டேஜ் ஏறும், ஒரு பல்ப் போகும். அந்தப் பல்ப் இழுத்த மின்சாரமும் மிச்சமாகி மற்றதன் தலையில் விழும், அதுவும் போகும். நீங்கள் சொன்ன "அடுத்தடுத்து" என்ற சொல்லைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது.

எரிந்த பல்புகள் இருக்கின்றனவா? இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் கறுத்து, இழை உருகி நுனியில் சின்ன உருண்டையாக நின்றால், அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜ் என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். குலுக்கலில் அறுந்த இழை பெரும்பாலும் அப்படி உருகியிருக்காது. கராஜில் கழற்றிய பல்புகள் உங்கள் பொருள். குப்பைக்குப் போவதற்குள் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும், அதில் யாரும் கை வைப்பதற்கு முன் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஹெட்லைட் இணைப்பில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்று, வேகம் கூட்டியபின் ஒன்று என இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அளவு 14, 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த இரண்டு எண்களையும் ரெகுலேட்டர், எர்த் நிலையையும் தேதியிட்டு அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். காரணத்தை அளக்காமல் இரண்டு முறை பல்ப் மாற்றியது ஏற்கத்தக்க தரமான வேலையா என்று நீதிபதியிடம் கேட்க அந்த ஒரு தாள் போதும். ஆனால் அளவு சரியாக 13, 14இலேயே நின்றால், குறை வேறு இடத்தில் இருக்கலாம், உங்கள் வாதமும் மெலியும். அதையும் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது.

அடுத்தது 340 டொலர். 10ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் இருந்தால் அதற்கு மேல் பத்து சதவீதத்தைத் தாண்டி வாங்கக்கூடாது. 450க்கு அது 495. நீங்கள் கூடுதல் வேலைக்குப் புதிதாகச் சம்மதிக்காதவரை, அதிகபட்சம் 45 டொலர்தான் பாக்கி என்று வாதாடலாம். குறுஞ்செய்தியில் உள்ள "முழுதாக" என்ற சொல் உங்களுக்குப் பெரிய பலம். இரண்டாவது முறை செய்தது புதிய வேலை இல்லை, முடிக்காமல் விட்ட பழைய வேலை என்று அதை வைத்துச் சொல்லலாம். அந்தச் செய்தியைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழுதுபார்ப்பு, களஞ்சிய உரிமைப் பற்றுச் சட்டம் பணம் வராத கராஜுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. அதனால் தயவுசெய்து இரவில் போய் வண்டியை எடுத்துவராதீர்கள், பொலிஸை வைத்து மிரட்டவும் வேண்டாம். அதே சட்டம் உங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்கள் கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டினால், ஆரம்பச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கராஜிடம் சேர்ப்பித்தால் மூன்று நாளுக்குள் வண்டியை விட வேண்டும், இல்லையென்றால் ஆட்சேபம் பதிய வேண்டும். சண்டை அந்தப் பணத்தின்மேல் நடக்கும், வண்டி உங்களிடம் இருக்கும்.

அதற்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள். எஸ்டிமேட், இரண்டு தேதிகள், 45 டொலர் கொடுக்கத் தயார் என்பது, பத்து நாள் அவகாசம், இவ்வளவுதான் அதில் வேண்டும். கோபம் வேண்டாம். நான் பார்த்தவரை இந்த அளவுத் தொகைகள் பெரும்பாலும் கடிதத்தோடே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம், பொதுவாகப் பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள்.

விற்றவர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற பொருள் விற்பனைச் சட்டத்தின் விதி வியாபாரிகளுக்குத்தான், தனியாளுக்குப் பொருந்தாது. விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் வேறு கதை. ஆனால் வாங்கி இரண்டு மாதம் விளக்கு எரிந்திருக்கிறதே.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இது தீரும்வரை மாலை நேரத்தில் வண்டியை எடுக்காதீர்கள். விளக்கில் குறை இருப்பது தெரிந்தே இருட்டில் ஓட்டி யாராவது மோதினால், தவறில் ஒரு பங்கை நீதிமன்றம் உங்கள்மேல் வைத்து இழப்பீட்டைக் குறைக்கலாம். சரிசெய்த பிறகும், பேட்டரி இல்லாத விளக்கு எஞ்சின் நின்ற நொடியே அணைந்துவிடும், டெயில்லைட்டும் சேர்த்து. பனித்தடத்தில் நிறுத்த நேர்ந்தால் முதல் வேலையாக ஓரமாக வெளியே தள்ளுங்கள், கையில் ஒரு டார்ச் வைத்திருங்கள்.