உங்களை மிகவும் வியக்க வைத்த பெரிய எண் எது? ஏன்?

3608528850368400786036725.

மொத்தம் 25 இலக்கங்கள். முதல் பார்வைக்கு யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் இடப்பக்கத்திலிருந்து முதல் 2 இலக்கங்களை எடுங்கள்: 36, இது 2-ஆல் மீதியின்றி வகுபடும். முதல் 3 இலக்கங்கள் 360, இது 3-ஆல் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால், 360852 ஆறால். இப்படியே போய், முழு எண்ணும் 25-ஆல் வகுபடும். இந்தக் குணம் கொண்ட எண்களில் இதுவே மிகப் பெரியது.

இதை நம்பாமல் ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து நானே கட்டிப் பார்த்தேன். 360852 வரை வந்தாயிற்று, அடுத்து என்ன? 3608520-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. சரி, கடைசி 0-க்குப் பதில் 1 போட்டால் மீதி போய்விடும், 8 போட்டாலும் போய்விடும். 8-ஐ எடுத்தேன். எட்டாவது இடத்துக்கு 0 அல்லது 8. மறுபடியும் 8. இப்போது இலக்கங்களின் கூட்டுத்தொகை 40, அதனால் ஒன்பதாவது இடத்தில் 5 மட்டுமே பொருந்தும். பத்தாவது எப்போதுமே 0 தான்.

பத்து வரைக்கும் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். தொடர்ந்து வரும் பத்து எண்களில் ஒன்றாவது 7-ஆலோ 9-ஆலோ வகுபட்டே தீரும். 11-லிருந்துதான் சிக்கல். வேண்டிய இலக்கம் ‘10’ என்று வந்துவிட்டால் அந்த வழி அங்கேயே அடைபட்டுவிடும். 10 இலக்கத்தில் இப்படிப்பட்ட எண்கள் 2492 இருக்கின்றன. 20 இலக்கத்துக்குப் போனால் 44 தான். 24 இலக்கத்தில் வெறும் 3. எல்லா நீளத்தையும் சேர்த்தாலே 20456 தான்.

(நீங்களும் முயன்று பார்ப்பதானால் 381654729-இல் தொடங்குங்கள். 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வந்து, இதே விதிக்கும் அடங்கும் எண் இது ஒன்றுதான்.)

எனக்கு மிகவும் பிடித்த இடம் 24 இலக்கம் கொண்ட அந்த மூன்று எண்கள். அவற்றில் இரண்டு 6-இல் முடிகின்றன, ஒன்று 2-இல். 25-ஆல் வகுபட வேண்டுமென்றால் கடைசி இரண்டு இலக்கங்கள் 00, 25, 50, 75 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 6-க்குப் பின்னால் எதைப் போட்டாலும் இவை வராது. 2-க்குப் பின்னால் 5 போடலாம். அந்த ஒன்று மட்டும் பிழைத்து வந்ததுதான் மேலே நான் எழுதியிருக்கும் எண்.

அப்புறம் 26? இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 சேர்த்து 26-ஆல் வகுத்தால் மீதி 12 வருகிறது. வகுபடுவதற்கு இன்னும் 14 வேண்டும். நம்மிடம் இருப்பதோ 9 வரைக்கும்தான்.