தனுஷ்கோடியில் பொறுக்கிய கறுப்புக் கண்ணாடிக் கல் அப்சிடியனா?

பெரும்பாலும் இருக்காது. ராமநாதபுரம் கரையோரம் பவளப்பாறையும் மணலும்தான்; எரிமலை கிடையாது. சிலிக்கா 70 சதவீதம்போல உள்ள எரிமலைக் குழம்பு, படிகம் கட்ட நேரமில்லாமல் சட்டென்று ஆறினால்தான் அப்சிடியன். நுரைக்கல்லைப்போல மிதந்தும் வராது, மூழ்கிவிடும். மெல்லிய விளிம்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: பளிச்சென்று பச்சை தெரிந்தால், அலை தேய்த்த பாட்டில் துண்டாகத்தான் இருக்கும்.

அசல் அப்சிடியனைத் தட்டினால் சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்து உடையும். விளிம்பு அவ்வளவு கூர்மை! துருக்கியின் சாத்தல்ஹூயூக் என்ற பழங்கால ஊரில் சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன்பே அதில் ஈட்டிமுனை செய்தார்கள்; பளபளவென்று தேய்த்து முகம்கூடப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை. மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் இந்தக் கல்லைக் கட்டையின் இரு ஓரத்திலும் பதித்துப் போர்வாளாக்கினார்கள். நம் தென்கரைத் தேரி மணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகளோ பெரும்பாலும் செர்ட், குவார்ட்ஸ் கற்களில் ஆனவை.