ஊர்க்காரர் தரும் பரிசு அட்டை

தம்பி, அமெரிக்கக் குளிர் பற்றியும் பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை தானாகப் பழகிவிடும். அதற்கெல்லாம் பதில் சொல்லப் பலர் வருவார்கள். போகிற போக்கில் கடைசியாக ஒன்று கேட்டீர்களே, அதுதான் என்னை உட்காரவைத்தது. உங்கள் வீட்டுக் கடனை ஏற்பாடு செய்துகொடுத்த ஊர்க்காரர், அலுவலக நண்பர்களைத் தன்னிடம் கடன் வாங்க அனுப்பினால் ஆளுக்கு 500 டாலர் பரிசு அட்டை தருகிறாராம், வாங்கலாமா என்கிறீர்கள். தொடாதீர்கள்.

அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவோரைக் காக்கும் ரெஸ்பா (RESPA) என்ற சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. அதன் 8-ஆம் பிரிவுப்படி, ஆள் பிடித்துத் தந்ததற்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரொக்கம்தான் என்றில்லை, விளையாட்டு டிக்கெட், ஓட்டல் விருந்து, ஏன், குலுக்கலில் பெயர் சேர்ப்பதுகூட அதற்குக் கைம்மாறாக இருந்தால் அதே கதிதான். சின்னத் தொகை என்று விலக்கும் கிடையாது. வீட்டுத் தரகர்கள் தங்களுக்குள் கமிஷன் பகிர்ந்துகொள்ள அனுமதி உண்டு. அதைக் காட்டி "எல்லோரும் செய்வதுதானே" என்பார்கள். கடன் கொடுப்பவர் ஆள் அனுப்பியவருக்குக் கொடுப்பது வேறு விஷயம். இங்கே இருபது வருடம் குப்பை கொட்டிய பிறகும், சட்டமெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

நான் வந்து இறங்கியபோது கடன் வரலாறு என்று எதுவுமே கிடையாது; வாடகைக்கு வீடு பிடிக்கவே நாய் படாத பாடு. அப்போது உதவிய ஓர் அண்ணன், 2016-இல் நான் வீடு வாங்கப்போகிறேன் என்றதும் கையைப் பிடிக்காத குறையாகக் கடன் முகவர் ஒருவரிடம் அழைத்துப்போனார். அவ்வளவு பாசம்! நான் வேறொரு வங்கியிலும் கடன் மதிப்பீட்டுப் படிவம் (Loan Estimate, வட்டியும் கட்டணங்களும் எவ்வளவு என்று காட்டும் தாள்) வாங்கி, இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். இரண்டாம் பக்கத்தில் முதலில் இருக்கும் 'ஏ' பகுதி, கடன் வழங்குவதற்கான கட்டணம். அண்ணனின் ஆள் கேட்டிருந்தது ஏறக்குறைய இரு மடங்கு. வங்கிக்கே போனேன். அதன் பிறகு பொங்கல் விழாவில் என்னைக் கண்டால் அண்ணன் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

உங்கள் நண்பர்களிடமும் இதையே சொல்லுங்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் கடன் கொடுப்பவர் அந்த மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் வாங்கி 'ஏ' பகுதியை ஒப்பிடட்டும். ஊர்க்காரர் உண்மையிலேயே நன்றாகச் செய்துகொடுத்தார் என்றால் அவர் எண்ணைச் சும்மா கொடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.