40 அத்தியாயம், பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை: ‘மீட் யுவர்செல்ஃப்’ பார்க்கலாமா?

கேள்வி: வேலை முடிந்து வந்து இரவில் அம்மாவுடன் உட்கார்ந்து பார்க்க, ‘மீட் யுவர்செல்ஃப்’ என்ற சீனத் தொடரைத் தோழி ஒருத்தி சொன்னாள். ஆங்கில சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா பார்க்கிறார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கோ நான்கு அத்தியாயம் கடந்தும் கதை தொடங்கியதாகவே தெரியவில்லை. மீதி 36 அத்தியாயங்களைப் பார்க்க அவ்வளவு நேரம் செலவிடலாமா?

பதில்: கதை தொடக்கத்திலேயே முக்கால்வாசி நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் இந்தத் தொடரின் விசித்திரம். பெய்ஜிங் ஓட்டல் ஒன்றில் ஓய்வில்லாமல் உழைக்கும் ஷு ஹோங்தோ, உயிர்த்தோழி நான்ஷிங்கைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கிறாள். வேலையை உதறிவிட்டு, தோழியோடு பேசிவைத்திருந்த யுன்னான் மாகாணத்துத் தாலிக்கு (நம் கழுத்துத் தாலிக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை) மூன்று மாதம் தங்கத் தனியே போகிறாள். அதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் ஒரு துக்கம் எவ்வளவு மெல்ல வடிகிறது என்பதைத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருந்தால் சலிப்புத்தான் மிஞ்சும். இன்று அவள் நேற்றைவிட நன்றாகத் தூங்கினாளா, ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாளா என்று கவனிக்கத் தொடங்கினால், சலிப்பாகத் தெரிந்த அதே காட்சிகளில் நிறைய நடந்துகொண்டிருப்பது புலப்படும். உங்கள் அம்மா அப்படித்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

தொடரின் சீனப் பெயருக்குக் ‘காற்று வீசும் இடத்துக்குப் போவது’ என்று பொருள். ஷியாகுவானின் காற்று, ஷாங்குவானின் மலர்கள், சாங்ஷான் மலையின் பனி, அர்ஹாய் ஏரியின் நிலவு என்ற நான்கும் தாலிக்கு அடையாளமாகக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருபவை. தொடர் அவற்றில் முதலாவதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறது. இது ஒளிபரப்பாகத் தொடங்கியது 2023 ஜனவரியில். சீனாவின் கடுமையான கொரோனாக் கட்டுப்பாடுகள் அதற்கு முந்தைய மாதம்தான் தளர்ந்திருந்தன. மூன்று ஆண்டு அடைபட்டுக் கிடந்த நகரவாசிகளுக்கு, மலையும் ஏரியும் திறந்த முற்றமும் கொண்ட ஒரு கிராமம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கதையில் வரும் யுன்மியாவ் கிராமம் கற்பனைதான் என்றாலும், படப்பிடிப்பு நடந்த ஃபெங்யாங்யி என்னும் உண்மையான ஊர், பழைய தேயிலை வணிகப் பாதையில் அமைந்தது, பின்னர் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் இடமாகிவிட்டது.

தொடரின் உண்மையான பலம் துணைப் பாத்திரங்கள்தான். ‘மூலான்’ படத்தில் பலருக்கும் அறிமுகமான லியு யீஃபெய் நாயகியாக அடக்கமாக நடித்திருக்கிறார். ஆனால் மனத்தில் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். மரச்செதுக்கு வேலை பழகும் இளைஞன் ஒருவன் ஷாங்காய்க்குப் போக ஏங்குகிறான். கைத்தொழிலைக் கைவிடுகிற பொறுப்பற்ற பிள்ளை என்று அவனைக் காட்டிவிட்டுப் போவது எளிது. தொடர் அவன் ஏக்கத்திலும் நியாயத்தைக் காண்கிறது, குருவின் வருத்தத்திலும் நியாயத்தைக் காண்கிறது. நாயகன் ஷியே ஜியாவ் பெய்ஜிங்கில் நல்ல வேலையை விட்டு ஊர் திரும்பியவன். படிக்கவைத்து அனுப்பிய பிள்ளை திரும்பி வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயகனின் பாட்டியாக வரும் மூத்த நடிகை வூ யான்ஷு, வசனமே இல்லாமல் ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்.

பலவீனம் பிற்பாதியில் வருகிறது, அது சிறிய பலவீனமும் அல்ல. 2017-இல் சீன அரசு அறிவித்த கிராமப் புத்துயிர்ப்புக் கொள்கையின் சாயல், போகப் போகத் தொடரின் மேல் அழுத்தமாகப் படிகிறது. பூவிதழ் வைத்துச் சுடும் பணியாரம், பூத்தையல், விடுதி என்று ஒவ்வொன்றும் ஒரு தொழில்திட்டமாகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தடை வருகிறது, தடை வந்த வேகத்தில் விலகியும் விடுகிறது. துக்கத்தை அவசரமில்லாமல் கையாண்ட அதே கை, ஊர்ச் சிக்கல்களை இவ்வளவு விரைவாக முடித்துவைப்பது உறுத்துகிறது. யாருக்கும் தீராத கடன் இல்லை. வயல்வேலையின் வலியும் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. வேலையை விட்டவள் மூன்று மாதம் பணக்கவலையின்றி இருப்பதைச் சேமிப்பு என்று சொல்லி ஏற்கலாம், ஆனால் ஊர் முழுவதுமே அப்படி இருக்கிறது. தங்கும் விடுதியில் நாயகியோடு இருப்பவர்களின் கதைகளிலும் இணைய வசைக்கு ஆளான லின் நாவின் கதை ஆழமாகப் போகிறது, மற்றவை பெரும்பாலும் பொழுதுபோக்காக நின்றுவிடுகின்றன. காதல் மிகத் தாமதமாகத்தான் வருகிறது; அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே என் யோசனை: ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்துக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்றால் மீதியெல்லாம் சேர்த்து 27 மணி நேரம், அதாவது ஐந்து வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான இரவுகள். விடுமுறை நாளில் ஐந்தாறு அத்தியாயங்களைச் சேர்த்துப் பார்த்தால் மேலே சொன்ன குறைகள் மட்டுமே பெரிதாகத் தெரியும். வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். மழையும் பறவையும் பாத்திரச் சத்தமும் சேர்ந்துதான் இந்தத் தொடர். 12-ஆம் அத்தியாயம் வரை பார்த்தும் அந்த ஊர்க்காரர்களில் ஒருவர்மேலும் உங்களுக்கு ஒட்டுதல் வரவில்லையென்றால் தயங்காமல் விட்டுவிடலாம். பின்னால் வருவது உங்கள் மனத்தை மாற்றாது.

மொழிபெயர்த்துச் சொல்லும் உங்களுக்கு ஒரு குறிப்பு. ஆங்கில சப்டைட்டில் உறவுமுறைகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எல்லாப் பெண்களும் ‘ஆன்ட்டி’ ஆகிவிடுவார்கள். பணியாரம் சுடும் அகுயை ஊர் ‘ஷென்’ என்று அழைக்கிறது. அது நம் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. ‘அநாய்’ என்று கேட்டால் அது அப்பத்தா. அம்மாவிடம் அகுய் சித்தி, அப்பத்தா என்றே சொல்லுங்கள்; யார் யாரிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.

கிராமத்தின் வறுமையை மழுப்பாமல் காட்டும் தொடர் ஒன்று வேண்டுமென்றால், 2021-இல் வந்த ‘மின்னிங் டவுன்’ தொடரை அடுத்ததாகப் பாருங்கள். நிங்ஷியாவின் வறண்ட மலைகளிலிருந்து பாலைவனத்து ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் கதை அது. 23 அத்தியாயங்கள்தான். ஆனால் இரவு படுக்கப்போகும் முன் பார்க்க ஏற்றதன்று. அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.