சென்னைக்குப் பக்கத்தில் கடலோர ஏரியில் டென்ட் போட்டு கயாக் ஓட்ட பழவேற்காடு சரிப்படுமா?

பழவேற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், கயாக் என்கிற அந்தச் சின்னத் துடுப்புப் படகை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

"முட்டுக்காட்டை விட்டால் சென்னையில் வேறு தண்ணீரே இல்லையா" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். நான் எண்ணூர்க்காரன். படகுக் குழாம், அலைச்சறுக்குப் பயிற்சி எல்லாம் முட்டுக்காடு இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துக்குத்தான். எங்களுக்கும் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் இருக்கிறது. அதில் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அங்கே வந்து துடுப்புப் போடுங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மிஞ்சுவது பழவேற்காடு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தென்கோடி நம்முடையது.

உங்களுக்கு சனி, ஞாயிறு லீவு, ஆன்லைனில் வாங்கிய காற்றடிக்கிற கயாக் ஒன்று பரணில் இருக்கிறது, சரிதானே? என் ஆபீஸ் நண்பனும் அதே கேஸ்தான். மாசி மாதம், பூநாரை பார்க்கலாம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு, வாடகைக்கு ஒரு டென்ட்டும் எடுத்துக்கொண்டு, பொன்னேரி வழியாகப் போய் மனைவியின் சித்தப்பா வீட்டில் இறங்கினோம். மாமா அந்தக் கயாக்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "இன்னா மாப்ள இது, அடியில் இருக்கிற சிப்பிக்கு இது தாங்குமா?" கரையில் டென்ட் போடவும் விடவில்லை, ராத்திரியில் ஆட்கள் வலையோடு போய் வரும் வழியாம். கடைசியில் டென்ட் அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றது. கொசு என்னவோ குறையவில்லை.

விடிவதற்கு முன் அவர் நண்டு வலை எடுக்கக் கிளம்ப, நாங்களும் கூடப் போனோம். உடனே "அங்கே படகுச் சவாரிக்குத் தடை ஆச்சே" என்று யாரும் வர வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததும், அதற்குப் பிறகு சுற்றுலாச் சவாரியை நிறுத்தியதும் எனக்கும் தெரியும். நாங்கள் காசு கொடுத்துப் போகவில்லை, சொந்தக்காரர் தொழிலுக்குப் போனார், அதுவும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏறினோம். மாமா சிரித்தார், சிரிக்கட்டும்.

மாமா பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். கரை கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரியும் தூரம் போயும் கழியில் ஈரம் அவர் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. அந்த இடத்தில் பெண்கள் சிலர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் இறால் போடும் ஓலைக் கூடையை, அதாவது பறியை, பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். இவர்களுக்கு நடுவே ஆரஞ்சு கலர் கயாக்கில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

அங்கே இறால் வலை போடுவதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் குப்பத்துக்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் முறை தவறினால் ஒரு நாள் வருமானம் போச்சு. உங்கள் துடுப்பு போய் அந்த வலையில் சிக்கினால் சண்டை வரும், அதில் நியாயம் அவர்கள் பக்கம்தான். இது போதாதென்று பதினோரு மணி வாக்கில் கடல்காற்று கிளம்பிவிடும். காற்றடித்த கயாக் தண்ணீருக்கு மேல் மிதக்கிற சமாசாரம், அடியில் பிடிப்பு கிடையாது, காற்று தள்ளுகிற பக்கம் போய்ச் சேற்றுத் திட்டில் உட்காரும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். பறவைகள் சரணாலயம் வேறு, வனத்துறையைக் கேட்காமல் எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கயாக்தான் வேண்டும் என்றால் முட்டுக்காடு, கோவளம் பக்கமே போய்விடுங்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் சொல்கிறேன். பழவேற்காட்டுக்கு வருவதானால் விடியற்காலையில் வாருங்கள். கரையிலிருந்தே பூநாரை தெரியும், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பாருங்கள், வெயில் ஏறுவதற்குள் நண்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஐஸ் உருகிவிடும், ஜாக்கிரதை.

டென்ட்டை வாடகைக்கு எடுத்தால், அவர்கள் உங்களிடம் கொடுக்கும்போதே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுக் கறை என்று சொல்லி என் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மொட்டை மாடியில் சேறு எங்கிருந்து வரும் சார்?