கிணற்று நீச்சல் மட்டும் தெரிந்த தர்மபுரிக்காரர் உப்பங்கழியில் பேடில்போர்டு ஓட்டலாமா?

கடலே இல்லாத மாவட்டத்தில் வளர்ந்து, கிணற்றில் மட்டும் நீச்சல் பழகிய ஒருவர், சென்னை அருகே உள்ள முட்டுக்காடு போன்ற அமைதியான உப்பங்கழியில், பலகைமேல் நின்றுகொண்டே துடுப்புப் போடும் பேடில்போர்டைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். நானும் காரிமங்கலத்துப் பக்கம் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவன்தான். நான்கு ஆண்டுகளாக, பொங்கல் முடிந்ததும் கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் போய் வருகிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஆழம் பழகிய விஷயம். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கும் கொண்டுபோவதில்லை, நான்கு கை வீசினால் படிக்கல் எட்டிவிடும் என்பதுதான் சிக்கல். உப்பங்கழியில் நீர் கண்ணாடிபோல் தெரிந்தாலும் காற்று மேலிருந்தும் ஓட்டம் கீழிருந்தும் நம்மை நகர்த்திக்கொண்டே இருக்கும். இரண்டாவது முறை போனபோது, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று ஏறியதைக் கவனிக்காமல் மேற்கு நோக்கிப் போய்விட்டேன். போகும்போது துடுப்பே தேவைப்படவில்லை. திரும்பும்போது, ஓரடி முன்னேறினால் இரண்டடி பின்வாங்கியது. நிற்கும் உடம்பு பாய்போல் காற்றைப் பிடிக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. மண்டியிட்டுப் பார்த்தேன், போதவில்லை. துடுப்பை நெஞ்சுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் நீரைத் தள்ளித்தான் கரை சேர்ந்தேன். அன்றிலிருந்து விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுகிறேன். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புகிறேன். கோடையில் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று காலையிலேயே வீசினால், கடலை நோக்கித் தள்ளும் என்பதால் இறங்குவதே இல்லை. நீர் வடியும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகவே கூடாது.

ஒகேனக்கல்லில் பரிசல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான பரிசல் சுழலப் பார்க்கும் என்பதால், ஓட்டுபவர் முன்னாலிருந்து நீரைத் தன் பக்கம் இழுப்பார். பேடில்போர்டு பத்துப் பதினோரு அடி நீளம். அடியில் மீனின் துடுப்பு போன்ற ஓர் இறகு இருப்பதால் நேராக ஓடும். துடுப்பை முன்னால் நன்றாக ஊன்றி, கணுக்கால் வரை இழுத்து, அங்கேயே எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் பலகை திரும்பிவிடும். துடுப்பின் அலகு சற்று முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் முன்பின் மாற்றிப் பிடிக்கிறார்கள், நானும் அரை நாள் அப்படித்தான் பிடித்திருந்தேன். முதல் அரைமணி மண்டியிட்டே ஓட்டுங்கள். பிறகு நடுக்கைப்பிடிக்கு இருபுறமும் கால் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி எழுங்கள். கண் பாதத்தில் இருந்தால் விழுவீர்கள். தூரத்துக் கரையில் இருந்தால் நிற்பீர்கள்.

விழும்போது கிணற்றில் குதிப்பதுபோல் நேராக இறங்காமல், பலகையை விட்டு விலகிப் பரப்பாக விழ வேண்டும். உப்பங்கழியில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். அடியில் கை, காலைக் கிழிக்கும் சிப்பியும் கிடக்கும். மணல்திட்டில் அந்த இறகு தட்டினால் பலகை சட்டென்று நின்று, நாம் முன்னால் வீசப்படுவோம். நீரின் நிறம் வெளிறினால் உடனே மண்டியிட்டுவிடுங்கள்.

உயிர்காப்புச் சட்டையும், பலகையோடு நம்மைப் பிணைக்கும் கணுக்கால் கயிறும் இல்லாமல் இறங்க வேண்டாம். ஆனால் ஓடும் ஆற்றில் அதே கயிறு ஆபத்து: பாறையிடுக்கில் சிக்கினால் நீரோட்டம் ஆளை அமுக்கிவிடும். எனவே ஊரிலேயே பழகலாம் என்று ஒகேனக்கல் காவிரியில் இறங்கிவிடாதீர்கள்; அங்கே சுழலோடு முதலையும் உண்டு. ஊரில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு: பழகிய கிணற்றில், மேலே ஒருவர் கயிறோடு நிற்க, சுவரைத் தொடாமல் பதினைந்து நிமிடம் மிதந்து பாருங்கள். அது முடிந்தால் நீங்கள் தயார்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சனவரி கடைசியில் வாருங்கள். நம் தென்பெண்ணையும் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் கடந்து கடலூர் அருகே இப்படியொரு கழிமுகத்தில்தான் கடலைச் சேர்கிறது. விடியலில் பலகைக்கு ஒரு கை தூரத்தில் மடவை மீன் துள்ளி விழும். அப்போது துடுப்பை நிறுத்திவிட்டு, அந்த வட்டம் விரிந்து கரையும்வரை நின்று பாருங்கள்.